கையிலிருந்து போகும் நாள், கைக்கு வரும் நாள்

என் மேஜை இழுப்பறையில் இரண்டு வருடமாக ஒரு நோட்டுப் பக்கம் கிடக்கிறது. கோடு போட்ட சாதாரண நீளத் தாள். ஸ்கேல் வைத்து மூன்றாகப் பிரித்து, மேலே தலைப்பு எழுதியிருக்கும்: ‘எதுக்கு’, ‘கையிலிருந்து போகும் நாள்’, ‘கைக்கு வரும் நாள்’. கீழே பென்சிலில் ஒன்பது வரிகள். விசா, இன்சூரன்ஸ், விமான டிக்கெட், தங்குமிடத்துக்கு முன்பணம், போய் இறங்கியதும் முதல் மூன்று வாரச் சாப்பாடு என்று வரிசையாகப் போகும். இரண்டாவது கட்டம் முழுக்க மார்ச், ஏப்ரல், மே தேதிகள். மூன்றாவது கட்டத்தில் ஜூன் கடைசி, ஆகஸ்ட், செப்டம்பர். இரண்டு இடத்தில் ‘தெரியாது’. அடியில் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் கூட்டிக் கழித்திருக்கிறது. விடை மிச்சம் காட்டுகிறது. எல்லாச் செலவும் போக ஒரு சின்னத் தொகை கையில் நிற்கும். அந்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கணக்கைப் போட்ட மாணவி போகவில்லை.

வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் பத்து வாரக் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு அவள் தேர்வாகியிருந்தாள். பரிந்துரைக் கடிதம் எழுதியது நான்தான். தேர்வுக் கடிதத்தின் முதல் வரியிலேயே ‘முழு நிதியுதவியுடன்’ என்று இருந்தது. அதைத் துறையில் இருந்த எல்லாருக்கும் படித்துக் காட்டியதும் நான்தான். மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் வந்து, கதவருகே நின்றபடியே, “மேடம், நான் வரலைன்னு எழுதிட்டேன்” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “வீட்டுல ஒரு சூழ்நிலை” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்ணைத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அம்மாவிடம் பேசட்டுமா, அப்பாவை வரச் சொல்லட்டுமா என்று ஏதேதோ பேசினேன். இப்படிப்பட்ட வாய்ப்பை எப்படி விட மனது வந்தது என்றும் கேட்டேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் உறுத்துகிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தான். பாஸ்போர்ட் எடுக்க அப்பாதான் கூட வந்திருக்கிறார். தடுத்தது நோட்டின் இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில் இருந்த நான்கு மாதம்.

திட்டம் கொடுத்த பணம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. தாராளமாகவே கொடுத்தார்கள். ஆனால் டிக்கெட்டை அவள் வாங்க வேண்டும், போய்ச் சேர்ந்து போர்டிங் பாஸையும் ரசீதையும் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் ஆறு முதல் எட்டு வாரத்தில் பணம் திரும்பி வரும். உதவித்தொகையின் முதல் தவணை, அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு, மாதக் கடைசியில். அதுவரைக்கும் எல்லாம் கைப்பணம். அந்தக் கைப்பணத்தைத் திரட்ட அவள் குடும்பம் வட்டிக்கு வாங்க வேண்டியிருந்தது. வட்டியையும் சேர்த்து இன்னொரு தடவை கணக்குப் போட்டிருக்கிறாள். தாளின் பின்பக்கத்தில் அது இருக்கிறது. அங்கே மிச்சம் இல்லை.

‘முழு’ என்ற சொல்

முழு நிதியுதவி என்ற சொல் பொய் இல்லை. இப்படிப் பொதுவாகச் சலித்துக்கொண்டு எழுதினால் நல்ல திட்டங்கள் மேலேயும் சேறு விழும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடம் 1962 முதல் கோடைகால மாணவர் திட்டத்தை நடத்தி வருகிறது. தங்கும் நாட்களுக்கு வாழ்க்கைப்படி, பயணத்துக்கு ஒரு நிலையான தொகை இரண்டும் உண்டு. கனடாவில் மைட்டாக்ஸ் என்ற அமைப்பு நடத்தும் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி 12 வாரம். ஜப்பானில் ஒகினாவாவில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆய்வுப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பயணம், தங்குமிடம், தினப்படி மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் படிப்புக்காக 2 முதல் 12 மாதம் வரை போகலாம். அவ்வளவு நாள் வீட்டை விட்டு இருக்க முடியாதவர்களுக்காக 5 முதல் 30 நாள் மட்டும் நேரில் இருந்து, மீதியை இணையவழியில் முடிக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இவையெல்லாம் உண்மையான பணம், உண்மையான இடங்கள்.

ஆனால் எந்தத் திட்டமானாலும் அறிவிப்பைப் படிக்கிற மாணவருடைய கண் முதலில் போவது ‘எவ்வளவு’ என்ற இடத்துக்கு. அறிவிப்பை எழுதுகிறவரும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார். ‘எப்போது’ என்பது நாலாவது பக்கத்தில், கேள்வி பதில் பகுதியில், சில சமயம் தேர்வான பிறகு வருகிற கடிதத்தில்தான் இருக்கும். பயணச் செலவு என்ற ஒரே இனத்துக்கே மூன்று முகம் உண்டு. அவர்களே டிக்கெட் எடுத்து அனுப்புவது ஒன்று. இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்துக் கொடுத்துவிடுவது இன்னொன்று. டிக்கெட் அதற்குள் கிடைத்தால் சரி, கூடினால் நம் பாடு. மூன்றாவது, செலவழித்துவிட்டு ரசீது கொடுத்துத் திரும்ப வாங்குவது. அறிவிப்பில் இந்த மூன்றுக்கும் ‘பயணச் செலவு வழங்கப்படும்’ என்ற ஒரே வாசகம்தான். சேமிப்பு இருக்கிற வீட்டுக்கு மூன்றும் ஒன்றே. இல்லாத வீட்டுக்கு முதலாவது மட்டும்தான் நிதியுதவி. மூன்றாவது, பணக்காரத் திட்டத்துக்கு ஏழை மாணவர் கொடுக்கிற நான்கு மாதக் கைமாற்று. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கடுமையாகப் படும். அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

விசா விஷயத்தில் மாணவர்கள் தெரியாமல் இழக்கிற பணம் இருக்கிறது, அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா 180 நாளில் 90 நாள் வரைக்கும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகிற மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் தனியார் மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கே போய் மாணவர் என்று சொல்லாமல், ஆதாரக் கடிதத்தைக் காட்டாமல், முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, ஊதியத்தோடு கூடிய பயிற்சி என்றால் சில நாடுகள் வேறு வகை விசா கேட்கும். எந்த விசா என்று அழைக்கும் நிறுவனத்திடமே முதலில் எழுதிக் கேட்பது நல்லது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அதை நிறுவனமே எடுத்துத் தருகிறதா என்பதைப் பார்க்காமல் இரண்டு தடவை வாங்குகிறவர்களும் உண்டு. அமெரிக்காவுக்குப் பரிமாற்ற விசாவில் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர்களைப் பதிந்து வைக்கும் சீவிஸ் என்ற அரசு அமைப்புக்கான பதிவுக் கட்டணம் பெரும்பாலான பிரிவுகளுக்கு 220 டாலர் என்று இரண்டு தனித்தனிச் செலவு. அமெரிக்க அரசே நடத்துகிற பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கு இந்த இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை. ஆனால் யாராவது சொன்னால்தான் தெரியும், சொல்ல ஆள் இருக்கிற மாணவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

அப்புறம், ‘உலக இளைஞர் தலைமைத்துவம்’ மாதிரி பெயர் வைத்துக்கொண்டு, தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், சீட்டை உறுதிசெய்யும் கட்டணம் என்று வரிசையாக வாங்கிவிட்டு ‘பகுதி உதவித்தொகை’ தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு முதலில் நகர்கிறது என்று பாருங்கள், புரிந்துவிடும்.

பத்து வாரத்தில் என்ன

பத்து வாரத்தில் என்ன பெரிதாகக் கற்றுக்கொண்டுவிடப் போகிறார்கள் என்று என் சக ஆசிரியர்களே கேட்பதுண்டு. படிக்கத்தான் வேண்டுமென்றால் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ முழுசாகப் போகட்டுமே என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து வாரத்தில் ஒரு ஆய்வு முடியாது. ஒரு கருவியைப் பழகவே மூன்று வாரம் ஆகும்.

நான் இளநிலை மூன்றாம் ஆண்டில் அப்படி ஒரு கோடைக்குப் போனேன். என்னைப் பார்த்துக்கொண்டது பேராசிரியர் இல்லை, அவரிடம் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ஒரு பெண். பல திட்டங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. ஜெர்மனியின் ரைஸ் திட்டம் இளநிலை மாணவர்களை முனைவர் பட்ட மாணவர்களோடு ஜோடி சேர்ப்பதையே அடிப்படையாக வைத்திருக்கிறது. மூன்றாவது வாரத்தில் என் மாதிரிகள் எல்லாம் கெட்டுப்போயின. திட்டு விழும் என்று தயாராகப் போய் நின்றேன். அவர் என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எனக்கும் தெரியவில்லை. முதல் நாளிலிருந்து பார்க்கலாம், உட்கார்” என்றார். எனக்கு மேலே இருந்த ஒருவர் வாயிலிருந்து ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற வார்த்தையை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கரைசலின் அமிலத்தன்மையை யாரும் அளக்காமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். சின்ன விஷயம். ஆனால் நான் ஆய்வுத் துறைக்கு வந்தது அந்தச் சாயங்காலத்தால்தான்.

அதற்கு வருடங்கள் தேவைப்படவில்லை. வேறொரு அறை, வேறொரு பழக்கம், தப்பு நடந்தால் என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு, இதற்குப் பத்து வாரம் போதும். சொல்லப்போனால் இந்தக் குறுகிய காலம்தான் முக்கியம். இரண்டு வருடம் வெளியே போக எல்லாராலும் முடியாது. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சாயங்கால வேலைக்குப் போகிறவர்கள், தம்பி தங்கை பொறுப்பு தலையில் இருப்பவர்கள் விடுமுறையில் பத்து வாரம் என்றால் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்வார்கள். நீண்ட படிப்பு யாருக்கு எட்டாதோ அவர்களுக்கு எட்டுகிற மாதிரி அமைந்தது இந்தக் குறுகிய திட்டம். அதில் பணத்தைக் கடைசியில் வைப்பது, யாருக்காகக் கதவைத் திறந்தோமோ அவரை வாசலிலேயே நிறுத்துவது. அமெரிக்காவில் கில்மன் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்து இளநிலை மாணவர்களுக்கான பெல் உதவியை வாங்குகிறவர்கள் மட்டும்தான் அதற்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்குப் பெரும்பாலும் 5,000 டாலர் வரை தருகிறார்கள். திறமையை மட்டும் பார்த்தால் யார் விடுபடுவார்கள் என்று யோசித்து வடிவமைத்த திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

என் அந்தக் கோடைக் கதையை நான் எத்தனையோ அரங்குகளில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கெட்டுப்போன மாதிரிகள், தெரியவில்லை என்று சொன்ன பெண், அமிலத்தன்மை, எல்லாம் சொல்வேன். நோட்டுப் பக்கத்தைப் பார்த்த அன்று ராத்திரிதான் விட்டுப்போன ஒரு ஆள் நினைவுக்கு வந்தார். என் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது சித்தப்பா. திட்டத்திலிருந்து பணம் திரும்பி வந்ததும் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, “அதுக்கென்ன அவசரம்” என்றார் அவர். அவ்வளவுதான், என் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ‘கைக்கு வரும் நாள்’ என்று ஒரு கட்டம் இருப்பதே எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவர்தான். இருபது வருடமாக, நன்றாகப் படித்ததால் போனேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகப் படித்தது நிஜம். சித்தப்பா இருந்ததும் நிஜம்.

ஒரே ஒரு மின்னஞ்சல்

மறுநாள் அந்தத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு நானே எழுதினேன். மாணவியின் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டியிருக்கிறது, டிக்கெட்டை முன்பணம் போட்டு வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். நாலு வரிக் கடிதம். பதில் அன்று மாலைக்குள் வந்துவிட்டது. ‘தாராளமாக உண்டு. கேட்கிறவர்களுக்கு எங்கள் பயண முகவர் மூலம் நாங்களே டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறோம். முதல் மாத உதவித்தொகையில் பாதியை வந்து இறங்கிய அன்றே ரொக்கமாகத் தரவும் ஏற்பாடு இருக்கிறது. இந்த வருடம் யாரும் கேட்கவில்லை.’

கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார். உதவி செய்யத் தயாராக இருந்த மனிதர். அவள் விட்ட இடம் அதற்குள் காத்திருப்புப் பட்டியலில் இருந்த அடுத்தவருக்குப் போய்விட்டது. அடுத்த கோடைக்குள் அவள் படிப்பு முடிந்துவிடும். இந்த வகைத் திட்டங்களில் பல, திரும்பி வந்து படிக்க இன்னும் ஒரு பருவமாவது மீதி இருக்கிற மாணவர்களைத்தான் எடுக்கும். அதனால் அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சொன்னால், ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போயிருக்கலாம் என்ற எண்ணம் அவளை வாழ்நாள் முழுக்க அரிக்கும். சொல்லாவிட்டால், வழியே இல்லை என்ற தப்பான நம்பிக்கையோடு அடுத்த வாய்ப்பையும் விடுவாள். வீட்டில் கேட்டேன், நெருங்கிய தோழியிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் சொல்லிவிட்டேன். துறை வராந்தாவில், செய்முறைத் தேர்வு முடிந்து அவள் ஆய்வுக்கூடக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தபோது. பதில் கடிதத்தைப் போனில் காட்டினேன். படித்தாள். கோட்டை இன்னும் சின்னதாக மடித்தாள்.

“கேக்கணும்னு தோணுச்சு மேடம். எழுதிக்கூட வச்சேன். ஆனா கேட்டா, பணம் இல்லாத பொண்ணு, இவளால சமாளிக்க முடியாதுன்னு நெனச்சு லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. நானா வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்கும்ல.”

அந்தப் பதிலுக்கு முன்னால் வரை என் மனதில் ஒரு எளிய முடிவு இருந்தது. மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும், தயக்கத்தை விட வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆசிரியரின் வேலை. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த முடிவு நிற்கவில்லை. அவளுடைய பயம் மடத்தனம் இல்லை. தேர்வுக் கடிதம் கையில் இருக்கிறது, அது உறுதிப்படவில்லை, எதிரில் இருப்பவரை நேரில் பார்த்ததில்லை, அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அந்த நிலையில் தன் வீட்டுப் பற்றாக்குறையை முதல் கடிதத்திலேயே எழுதச் சொல்கிறோம். கேட்டால் கிடைக்கும் என்பது, கேட்கப் பழகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சாதகமான விதி. வழி இருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தால் அவள் எதையும் கேட்க வேண்டியிருக்காது. ஒரு பெட்டியில் டிக் அடித்திருப்பாள்.

பணம் முன்னால் வருவது யாருடைய கருணையாகவும் இருக்கத் தேவையில்லை, அதை விதியாகவே எழுத முடியும். எராஸ்மஸ் பிளஸ் மாணவர் ஒப்பந்தத்தின் மாதிரி வடிவத்தைப் பாருங்கள். ஒரு பங்கு முன்பணமாக வர வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டு 30 நாளுக்குள் என்று அதில் கெடுவே இருக்கிறது. மீதித் தொகை, திரும்பி வந்து மாணவர் இணையத்தில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்த பிறகு. எல்லாப் பல்கலைக்கழகமும் கெடுவைத் தவறாமல் காப்பாற்றுகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் தாமதமானால் மாணவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. அங்கே அவர் கெஞ்ச வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

எராஸ்மஸ் பற்றிச் சொல்லும்போது அதைத் தொடங்கி வைத்த கதையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. சோஃபியா கொராடி என்ற இத்தாலிய மாணவி அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலை முடித்துவிட்டு 1958இல் ரோமுக்குத் திரும்பினார். அங்கே படித்ததைத் தன் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லி ரோம் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனார். ஏற்கவில்லை. அதுமட்டும் இல்லாமல், மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தியும் அனுப்பினார்கள். அந்த அவமானத்தை அவர் விடவில்லை. பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கு ஆலோசகராக ஆன பிறகு, 1969இல் மாணவர் பரிமாற்றத்துக்கான யோசனையை எழுதிக் கொடுத்து, 18 வருடம் அதன் பின்னால் அலைந்தார். 1987இல் எராஸ்மஸ் தொடங்கியபோது முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். அவரை எல்லாரும் மம்மா எராஸ்மஸ் என்று கூப்பிட்டார்கள். ஒரு மாணவி ஒரு அலுவலகத்தில் பட்ட அவமானம், இன்னொரு மாணவிக்கு நேராத மாதிரி விதியாக மாறியது. என் மாணவியின் நோட்டுப் பக்கத்தை நான் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இரண்டாம் பக்கம்

இப்போது யாராவது பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால், மதிப்பெண் பட்டியலோடு அந்த மூன்று கட்டத் தாளையும் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன். விண்ணப்பம் போடும் முன்பே, தேர்வான பிறகு இல்லை. குளோபலிங்க் மாதிரித் திட்டங்களுக்கு முந்தைய வருட செப்டம்பரிலேயே கெடு முடிந்துவிடும், செர்னுக்கு ஜனவரி வாக்கில். அதனால் தாளில் தேதி போடும்போதே எந்த மாதம் வீடு நெருக்கடிக்கு வரும் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது கட்டத்தில் ‘தெரியாது’ என்று வருகிற இடங்களை மட்டும் ஒரு மின்னஞ்சலாக ஆக்குகிறோம். கெஞ்சுகிற தொனி வேண்டாம், குடும்ப நிலைமை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஒரு மாணவன் எழுதியது இது: ‘தேர்வு செய்ததற்கு நன்றி. பயண ஏற்பாட்டைத் திட்டமிட மூன்று விவரங்கள் வேண்டும். டிக்கெட்டை நீங்கள் நேரடியாக எடுக்க இயலுமா? முதல் தவணை எந்தத் தேதியில், எந்த வழியில் கிடைக்கும்? தங்குமிட முன்பணத்தை உதவித்தொகையில் கழித்துக்கொள்ள முடியுமா?’ முதலாவதற்கு முடியும் என்று பதில் வந்தது. இரண்டாவதற்குத் தேதி வந்தது. மூன்றாவதற்கு முடியாது என்றார்கள். அந்த ஒன்றை மட்டும் துறையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கைமாற்றாகக் கொடுத்தோம். அவன் ஆகஸ்டில் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பணம் இப்போது ஒரு உறையில் அடுத்தவருக்காக இருக்கிறது.

பழைய ஒருங்கிணைப்பாளருக்கும் மறுபடி எழுதினேன். வராந்தாவில் கேட்டதை, பெயர் சொல்லாமல், அவளுடைய அனுமதியோடு அப்படியே எழுதினேன். தேர்வுக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு மாதம் பதில் இல்லை. இந்த வருடம் வேறொரு மாணவிக்கு அதே திட்டத்திலிருந்து தேர்வுக் கடிதம் வந்தது. அவளுக்கு முன்னால் நான் படித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில், காப்பீடு பற்றிய பத்திக்குக் கீழே, புதிதாக ஒரு வரி இருந்தது: டிக்கெட்டை நிறுவனமே எடுக்க விரும்புகிறவர்கள் இந்தப் பெட்டியில் குறியிடவும், காரணம் சொல்லத் தேவையில்லை.

அதைப் படம் எடுத்து, நோட்டுப் பக்கத்தின் சொந்தக்காரிக்கு அனுப்பினேன். அவள் இப்போது வேறொரு ஊரில் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்காங்களே மேடம். மொதப் பக்கத்துல ‘முழு நிதியுதவி’ன்னு இருக்கிற வரிக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க.”

நேற்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.